ஆறாவது தடவை நின்ற கார்

காலை எட்டே முக்கால்.

ஷெட்டில் போன் அடித்தது.

மெக்கானிக் 'காது' எடுத்தார்.

ஓடுகிற இன்ஜினை இரண்டு நிமிடம் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. முப்பது வருட மெக்கானிக். சொந்தப் பெயர் லைசென்ஸில் மட்டும்தான் இருக்கிறது.

"மெக்கானிக்கா?" பெண் குரல். அதிகாரக் குரல்.

"ஆமா, சொல்லுங்க."

"இன்ஸ்பெக்டர் பேசறேன். நீல கலர்ல ஒரு பழைய கார்... ட்ராயிங் டீச்சரோடது. நேத்து உங்க ஷெட்லயா இருந்துச்சு?"

"ஆமா மேடம். சாயங்காலம்தான் சரி பண்ணிக் கொடுத்தேன். ஏன், மறுபடியும் நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு. பாலத்துச் சரிவுல, நடு ரோட்டுல. பின்னாடி மணல் லாரி..."

காது காத்திருந்தார்.

"டீச்சர் அந்த இடத்துலயே போயிட்டாங்க."

காது கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அவங்க வீட்டுக்காரர் உங்க மேல கம்ப்ளெய்ன்ட் கொடுத்திருக்கார். ஏனோதானோன்னு வேலை பார்த்து ஆளைக் கொன்னுட்டீங்கன்னு. நீங்களா வர்றீங்களா... ஜீப் அனுப்பட்டுமா?"

"நானே வர்றேன்."

வாசல் மேஜையில் பில் எழுதிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"யாருங்க?"

"ட்ராயிங் டீச்சர் செத்துட்டாங்க. நான்தான் கொன்னேன்னு சொல்றாங்க."

பாதி வரியில் அவள் பேனா நின்றது. அவள் முகத்தைப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை. ஸ்கூட்டரை உதைத்தார்.

ஸ்டேஷன் பின்கட்டு.

நீலக் கார் டிக்கியிலிருந்து பின் சீட்டு வரை நசுங்கிக் கிடந்தது. முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. டாஷ்போர்டில் கலர் பென்சில் டப்பா ஒன்று வைத்தது வைத்தபடி இருந்தது.

அந்த டப்பாவைப் பார்த்ததும் காது தலையைத் திருப்பிக்கொண்டார்.

பெஞ்சில் டீச்சரின் கணவர். மருந்துக்கடைக்காரர். இஸ்திரி கலையாத சட்டை.

"இந்த ஆள்தான் மேடம்," என்றார் கை நீட்டி. "மூணு மாசமா ஒரு காரைச் சரி பண்ணத் துப்பில்ல."

இன்ஸ்பெக்டர் காதைப் பார்த்தார்.

"வண்டியைச் சோதிக்கற எங்க ஆளு வர மதியம் ஆகும். அதுவரைக்கும் நீங்களே பாருங்க. நான் பக்கத்துல நிப்பேன். கான்ஸ்டபிள் வீடியோ எடுப்பார். எதையாவது மாத்தினீங்க... உள்ளதான்."

காது முதலில் குனிந்து அடியில் பார்த்தார். பெட்ரோல் டேங்க் ஒழுகவில்லை. சாவியைத் திருகினார்.

இன்ஜின் பிடித்தது.

குளிர் ஜுரக்காரன் மாதிரி நடுங்கியது... இருமியது... நின்றுபோனது.

மறுபடி திருகினார். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபோது ஓடியது. காலை எடுத்ததும் செத்தது.

"மிதிச்சா ஓடுது. விட்டா நிக்குது," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா மேடம். சரிவுல இறங்கும்போது யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்க மாட்டாங்க. கால் எடுத்ததும் ஆஃப் ஆகியிருக்கு. ப்ரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லு மாதிரி ஆகியிருக்கும். ஓரம் கட்ட முடிஞ்சிருக்காது."

கான்ஸ்டபிளை ஆக்சிலேட்டரில் கால் வைக்கச் சொல்லிவிட்டுக் குனிந்தார். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் இன்ஜின் ஒரே அளவு தொய்ந்தது.

"நாலு சிலிண்டரும் ஒழுங்கா வேலை செய்யுது. பெட்ரோல் போகுது."

கால் எடுத்த பிறகும் இன்ஜினை ஓடவைக்கிற ஐடில் வால்வைக் கழற்றிக் காட்டினார். நேற்று அவர் துடைத்தது துடைத்தபடி பளபளத்தது.

"அப்ப என்னதான் கோளாறு?"

"காத்து மேடம். அளந்து விடற காத்து போக, திருட்டுக் காத்து எங்கயோ உள்ள போகுது."

ஸ்ப்ரே டப்பாவை எடுத்து ரப்பர் குழாய்களின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே போனார். ஓட்டை இருக்கிற இடத்தில் இன்ஜின் அதை உறிஞ்சும், சத்தம் மாறும். ஒன்று... இரண்டு... மூன்று...

இன்ஜினின் பின்பக்கம், கண்ணுக்கு எட்டாத ஓர் இடத்தில் அடித்தபோது...

சத்தம் சட்டென்று ஏறியது.

காது ஒரு சிறு கைக்கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தார். அப்படியே நின்றார்.

"என்ன?"

"வேக்குவம் ஓஸ், இன்ஜின் காத்து உறிஞ்சற குழாய், பாதி கழண்டிருக்கு. நான் மாட்டின க்ளிப் ரெண்டு விரக்கடை மேல ஏறி நிக்குது."

"இடிச்ச அதிர்ச்சியில ஏறியிருக்கலாமே?"

"இது ஸ்பிரிங் க்ளிப் மேடம். குறடால அமுக்கிப் பிடிச்சுத் தள்ளினாத்தான் நகரும்."

இன்ஸ்பெக்டரின் பார்வை மெல்லத் திரும்பியது. பெஞ்சுக்கு.

"எனக்குப் பானெட் திறக்கவே தெரியாது," என்றார் மருந்துக்கடைக்காரர். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

"காலையில வண்டி எப்படி இருந்துச்சு?"

"நடுங்குச்சு. நான்தான் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். நேரா ஷெட்டுக்குப் போ, சாயங்காலம் எடுத்துக்கிட்டு வான்னு சொல்லி அனுப்பினேன்."

"நின்னு போற வண்டின்னு தெரிஞ்சே ஏத்தி விட்டீங்க."

"தினமும் நான்தான் ஸ்டார்ட் பண்ணுவேன். கிலோமீட்டர் பார்ப்பேன். அது என் வழக்கம்."

"பொண்டாட்டி எத்தனை கிலோமீட்டர் போறான்னு பார்க்கறது வழக்கமா?"

இன்ஸ்பெக்டர் காதின் பக்கம் திரும்பினார்.

"மெக்கானிக், இதுக்கு முன்னாடி எத்தனை தடவை இப்படி?"

காது யோசித்தார். விரல் விட்டு எண்ணினார்.

"அஞ்சு தடவை மேடம். ஒரு தடவை சென்சார் கனெக்டர். ஒரு தடவை ப்ளக் ஒயர். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒண்ணு லூசா இருந்துச்சு. இருபது வருஷத்து வண்டி, வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்..."

"வயசாகல. யாரோ மூணு மாசமா முயற்சி பண்ணியிருக்காங்க." இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளுக்குச் சைகை காட்டினார். "சாரை உள்ள கூட்டிட்டுப் போங்க."

"மேடம், நான் எதுவும் பண்ணல..."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க."

சாயங்காலம் நாலு மணிக்குக் காது ஷெட்டுக்குத் திரும்பினார்.

மனைவி காலையில் உட்கார்ந்த நாற்காலியிலேயே இருந்தாள். பில் புத்தகத்தில் அதே பாதி வரி.

"என் மேல தப்பு இல்ல," என்றார் அவர். "அந்த ஆள்தான். ஓஸைக் கழட்டி விட்டிருக்கான்."

"அவன் கழட்டலைங்க."

"பின்ன?"

"டீச்சரேதான் கழட்டினா."

காது அவளைப் பார்த்தார்.

"எதைக் கழட்டணும்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

காம்பவுண்டுக்கு வெளியே ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"அவளுக்கு வீடு, ஸ்கூல், நம்ம ஷெட்... இதுக்கு மட்டும்தான் அனுமதி. அதுவும் வண்டி நடுங்கினாத்தான் இங்க விடுவான். நீங்க பானெட்டுக்குள்ள குனிஞ்சிருக்கறப்ப அவ என் போன்ல அம்மாகிட்ட பேசிக்கிட்டிருப்பா. ரெண்டு மணி நேரம் அழுவா. முகத்தைக் கழுவிட்டுப் போவா."

"நேத்துதானே வந்தாங்க... இன்னிக்கு எதுக்கு?"

"இன்னிக்குத் திரும்பிப் போறதா இல்ல. அம்மா பத்து மணிக்கு இங்க வந்து கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. சாயங்காலம் வரைக்கும் அவன் தேட மாட்டான் இல்லையா..." அவள் குரல் உடைந்தது. "அந்தம்மா சரியா பத்து மணிக்கு வந்தாங்க. மகளோட உடம்பைப் பார்க்க நான்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சேன்."

காது ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கால் எடுத்தா நின்னுடும்னு அவங்ககிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சிக்னல்ல பார்த்துக்கோன்னு சொன்னேன். பாலத்தை நான் நினைக்கல."

அவள் பில் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"நான் போய் சொல்லிடறேங்க," என்றாள்.

"சொன்னா நீ உள்ள. அவன் வெளிய."

"சொல்லலைன்னா?"

"பண்ணாத கொலைக்கு அவன் உள்ள."

"அவளுக்கு?"

"அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் அழவில்லை. போனை எடுத்தாள். ஸ்டேஷன் நம்பரை அழுத்தினாள். காது தடுக்க எழுந்தார்... எழுந்தவர் அப்படியே நின்றார்.

"இன்ஸ்பெக்டர் மேடமா? நான் மெக்கானிக் வீட்டுல பேசறேன். அந்த ஓஸ் விஷயமா ஒண்ணு சொல்லணும். அதைக் கழட்டினது..."

மறுமுனை அவளை முடிக்க விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வாயை இரண்டு முறை திறந்தாள். இரண்டு முறையும் மூடினாள்.

"இல்ல மேடம், அது..."

லைன் கட்டாகிவிட்டது.

"என்ன சொன்னாங்க?" என்றார் காது.

"கேஸ் முடிஞ்சுதாம். குழப்பாதீங்கன்னாங்க. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

"முடிஞ்சுதா... எப்படி?"

அவள் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"ரெண்டு அடி விழுந்ததும் கையெழுத்துப் போட்டுட்டானாம். பதினாலு வருஷத்துல ஒரு நாள்கூட அந்த ஆள் தன் தப்பை ஒத்துக்கிட்டதில்லைன்னு டீச்சர் சொல்லுவா. கடைசியில ஒண்ணை ஒத்துக்கிட்டான்... அதுவும் பண்ணாததா பார்த்து."