பாட்டிலுக்கு அடியில் ஒரு கல்

செங்கல்வராயன், வயது இருபத்திரண்டு, ஊர் பிச்சாட்டூர், இப்போது கூலிக்கு இருப்பது சித்தூருக்கு வெளியே நாகபூஷணத்தின் கோழிக்கொட்டகையில். அந்த நடுப்பகலில் அவன் காதில் விழுந்தது, விழவே கூடாத ஒரு சத்தம்.

களக்.

தட்டிக்கு அந்தப் பக்கம், கூட வேலை செய்யும் துலுக்காணத்தின் கோழி அறையிலிருந்து.

எல்லை பிரித்துப் பிச்சாட்டூரை ஆந்திராவோடு சேர்த்த வருஷத்துக் கோடை. கூரைத் தகரம் வெயிலில் முறுக்கிக்கொண்டு முனகியது. தரையில் பரப்பிய உமியும் எச்சமும் வெந்து மூக்கை அரித்தன. அறைக்கு முப்பது கோழி. அவற்றுக்குத் தண்ணீர் காட்ட, தகரத் தட்டில் தலைகீழாகக் கவிழ்த்த பெரிய கண்ணாடி பாட்டில். அதன் வாய்க்கடியில் ஒரு கூழாங்கல் கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். கோழி குடிக்கக் குடிக்க அந்த இடுக்கில் காற்று ஏறி, களக்கென்று கொப்புளம் விட்டுத் தண்ணீர் இறங்கும். கல்லை எடுத்தால் வாய் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சொட்டு இறங்காது. பாட்டில் மட்டும் நிறைந்தே நிற்கும்.

நேற்றுக் காலை அந்தக் கல்லை எடுத்தவன் செங்கல்வராயன்தான். அது இன்னும் அவன் சட்டைப்பையில் இருந்தது.

நகரிக்காரன் துலுக்காணம் திருப்பதி கங்கம்மா ஜாத்திரைக்குப் போயிருந்தான். "ரெண்டே நாளு மச்சான். என் பொண்ணுங்க வாய் காயாம பாத்துக்கினு இரு. உனக்குப் பொரியுருண்டை வாங்கியாறேன்." தோளில் தட்டிச் சிரித்துவிட்டுப் போனான். அவன் சீழ்க்கை அடித்தால் செங்கல்வராயனின் கோழிகள்கூடக் கழுத்தை நீட்டும்.

"அவன் கை தொட்டா முட்டைடா," என்றிருந்தார் முதலாளி நாகபூஷணம். "ஜாத்ரை முடியட்டும், அவனே மேஸ்திரி. பின்கட்டு ரூம்ல பொண்டாட்டியக் கூட்டியாந்து வெச்சுக்கட்டும்."

அந்த அறைக்குத்தான் தன் மனைவி தாட்சாயணியை அழைத்து வருவதாகச் செங்கல்வராயன் கடிதம் போட்டிருந்தான். செத்து விழட்டும் அவன் கோழிகள். அப்புறம் தெரியும் கைராசி.

களக்.

எட்டிப் பார்த்தான். தட்டு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. அதைச் சுற்றி முப்பது கோழிகளும் அலகைப் பிளந்து, சத்தமே இல்லாமல் நின்றன. பாட்டிலின் வாய் ஒட்டியபடியே இருந்தது. உள்ளே ஒரு கொப்புளம் ஏறிக்கொண்டிருந்தது.

அவனுக்குத் தொண்டை வறண்டது. திரும்பி வந்து தன் பானையில் ஒரு சொம்பு மொண்டு அண்ணாந்து விழுங்கினான்.

களக்.

நிறுத்தினான். சத்தமும் நின்றது.

விழுங்கினான்.

களக்.

நாக்கு நனையவே இல்லை. இன்னொரு சொம்பு. இன்னொன்று. பானை காலி. உதடு வெடித்து உப்புக் கரித்தது.

கல்லை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினான். பாட்டிலைச் சாய்க்கப் பார்த்தான். அசையவில்லை. கட்டையால் அடித்தான். கீறல்கூட விழவில்லை. "ஐயா" என்று கூப்பிட வாயைத் திறந்தான். வெறும் காற்று.

கோழிகள் திரும்பின.

பாட்டிலை விட்டு, அவனை நோக்கி. பாதிக்குக் கண்ணில் ஈ மொய்த்தது. கால் விறைத்து எப்போதோ செத்திருந்தன. அவையும் நடந்து வந்தன.

குப்புற விழுந்தான். கல் கையிலிருந்து உருண்டு, ஒரு சாணுக்கு அப்பால் நின்றது. திறந்த வாய் தகரத் தட்டில் பதிந்தது.

ஒட்டிக்கொண்டது.

சுற்றிலும் கால்கள். பிளந்த அலகுகள். காத்துக்கொண்டு.

ஒரு விரல் மட்டும் அசைந்தது. உமியை விலக்கி, மண்ணில், மெதுவாக எழுதியது:

யார் படிச்சாலும் சரி, என் வாய்க்கு அடியில அந்தக் கல்ல வெச்சுடுங்க.