இலை முத்திரைச் சட்டை

பிள்ளைக்குக் காது குத்த நாள் பார்த்துவிட்டால், தாய்மாமன் முதலில் போய் நிற்கிற இடம் குப்பைமேடுதான். நகைக்கடைக்கு நாலு நாள் பிந்திப் போனாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மேட்டில் நல்ல அடுக்கு வெட்டுகிற அன்றைக்குக் கோட்டை விட்டால் போச்சு, மருமகளுக்குப் போட உருப்படியான துணி கிடைக்காது.

நொய்யல் கரையில், நானூறு வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் கொட்டிக் குவித்துவிட்டுப் போன மேடு அது. இப்போது அதற்குத் திருமேடு என்று பெயர். காலையில் கதவு திறந்ததும் தாய்மார்கள் உள்ளே போய், தோண்டியெடுத்த கவுன்களை முகர்ந்து பார்ப்பார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். "எந்த அடுக்குங்?" என்பாள் ஒருத்தி. "வெயிலே படாத அடுக்கு, தாயி. இயந்திரம் கை வைக்கலே. மண்ணுக்குள்ள கெடந்தது கெடந்தபடி" என்பான் கடைக்காரன். அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும்.

மண்ணிலிருந்து வருவது இயற்கை, தொட்டியிலிருந்து வருவது செயற்கை. அந்த ஊர் ஞானமெல்லாம் இந்த ஒரு வரிக்குள் அடக்கம். தொட்டி என்றால் பருத்திநார் வளர்க்கும் தொட்டி. செடி வேண்டாம், காடு வேண்டாம், பூச்சிமருந்து வேண்டாம். பருத்தியின் நார்த்திசுவை மட்டும் சர்க்கரைத் தண்ணீரில் வளர்த்து, அதை இயந்திரக் கைகளே நூற்று நெய்து, வீட்டு வாசலில் இனாமாக வைத்துவிட்டுப் போய்விடும். கிழிந்தால் மண்ணில் போட்டால் போதும், மக்கி உரமாகிவிடும். ஆனால் ஓசியில் வருகிற பொருளுக்கு எந்த ஊரில் மரியாதை இருந்திருக்கிறது? தொட்டிப் பருத்தியைத் தரை துடைக்க வைத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்குப் போட்டதோ திருமேட்டில் தோண்டியெடுத்த தோண்டிழை. பளபளவென்று மின்னும். கசங்காது. நானூறு வருடம் புதைந்து கிடந்தும் சாயம் போகாது. ஒரு சொட்டு வியர்வையை உள்ளே விடாது. உங்களுக்கு அதன் பழைய பெயர் நன்றாகவே தெரியும்: பாலியஸ்டர். அதெப்படி அது இயற்கையாகும் என்று கேட்டால் அடிக்க வருவார்கள். ஒவ்வொரு சட்டையின் கழுத்திலும் முன்னோர்களே தைத்துவைத்த சான்று இருக்கிறதே! ஒரு பச்சை இலை, அதன் கீழே, 'இயற்கை ஆடை. குழந்தைக்கு உகந்தது. பூமிக்கு உகந்தது.'

இதையெல்லாம் வஞ்சிக்கொடியும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள், மகள் பவளாயி பிறக்கும்வரை. பெயர் வைத்த அன்று நாத்தனார் மயிலாத்தாள் ஒரு தோண்டிழைக் கவுனை மாட்டிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் குழந்தையின் முதுகெல்லாம் சிவந்து தடித்து, மறுநாள் நீர் கோத்துக்கொண்டது. வீட்டுச் சுவரிலிருந்த நாடிப்பெட்டி, வைத்தியம் சொல்கிற இயந்திரம், "இந்த இழை குழந்தைக்கு ஆகாது. தொட்டிப் பருத்தி போடுங்கள்" என்றது.

"பெட்டி என்னத்தக் கண்டுது?" என்றாள் மயிலாத்தாள். "உடம்புல இருக்கற நஞ்செல்லாம் வெளிய போகுது வஞ்சி. நாலு மாசம் போட்டா தோலு தானாப் பழகிக்கும்."

நாலு மாசமா! நஞ்சாம் நஞ்சு, தாய்ப்பால் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளையின் உடம்பில் நஞ்சு எங்கிருந்து வரும்? வஞ்சி கதவைச் சாத்திக்கொண்டு தொட்டிப் பருத்தியில் ஒரு சட்டை தைத்துப் போட்டாள். முதுகு ஆறியது. குழந்தை சிரிக்க ஆரம்பித்தது. அன்றோடு வஞ்சி ஒரு முடிவுக்கு வந்தாள்: இனி அந்தப் பளபளப்பு என் பிள்ளையின் மேல் படாது.

முடிவெடுப்பது சுலபம். காதுகுத்துக்குச் சீர் கொண்டுவருகிற அண்ணனிடம் அதைச் சொல்வதல்லவா கஷ்டம்! தாய்மாமன் மடியில் உட்கார்த்தி, அவன் கொண்டுவந்த துணியை உடுத்திப் பிறகுதான் காது குத்துவார்கள். சீர்த்துணியை வேண்டாமென்றால் அண்ணனையே வேண்டாமென்றதாக அர்த்தம். அப்புறம் அவன் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டான். வஞ்சிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்ததே செங்கோடன் ஒருத்தன்தான்.

காதுகுத்து அன்றைக்கு மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள். செங்கோடன் தட்டை ஏந்திக்கொண்டு வந்தான். தேங்காய், பழம், வெல்லம், நடுவில் ஒரு ரோஸ் நிறக் கவுன். கழுத்துப் பக்கம் இலை முத்திரை எல்லாருக்கும் தெரியும்படி மடித்துவைத்திருந்தான்.

"நானே எறங்கித் தோண்டினேன் அம்மிணி. அடி அடுக்கு" என்றான், தங்கையைப் பார்த்து. முகமெல்லாம் பூரிப்பு.

குழந்தையை மடியில் வாங்கி, போட்டிருந்த பருத்திச் சட்டையைக் கழற்றி, கவுனைத் தலைவழியாக மாட்டினான். மாட்டியதுதான் தாமதம், பவளாயி வீரிட்டாள். வஞ்சி ஒரே எட்டில் வந்து கவுனை உருவி எடுத்தாள்.

"இது வேண்டாங்ண்ணா."

கணவன் முத்துரத்தினம் எழுந்து வந்து, "வஞ்சி, ஒரு நாளைக்குத்தானே, பல்லக் கடிச்சுக்கோ" என்று காதோரம் சொன்னான்.

"கடிக்க எனக்குப் பல்லிருக்குதுங். அவளுக்கு இன்னும் மொளைக்கலையே" என்றாள் வஞ்சி, எல்லாருக்கும் கேட்கும்படி.

"மாமன் சீரையே மறுக்கறாளே! தரை தொடைக்கற துணியப் புள்ளைக்குப் போடறவளுக்கு என்ன தெரியும்?" என்று மயிலாத்தாள் குரல் எடுத்தாள்.

மண்டபத்துச் சுவரிலும் ஒரு நாடிப்பெட்டி இருந்தது. வஞ்சி கவுனைக் கொண்டுபோய் அதன் முன்னால் நீட்டினாள். "இது என்ன துணின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

பெட்டி நிதானமாகச் சொன்னது: "இது கல்லெண்ணெயில், அதாவது பெட்ரோலியத்தில் செய்த இழை. ஆலையில் பிறந்தது. மண்ணில் விளையவில்லை, மண்ணில் புதைந்திருந்தது. அவ்வளவுதான்."

"அப்ப இந்த முத்திரை?"

"முன்னோர்களில் சிலர் உண்மையான பருத்தி ஆடைக்கு இலை தைத்தார்கள். சிலர் இந்த இழைக்கும் அதே இலையைத் தைத்து விற்றார்கள். பருத்தி மக்கிவிட்டது. இது மக்கவில்லை. உண்மை சொன்ன சட்டைகள் எதுவும் உங்கள் கைக்கு வந்து சேரவில்லை. பொய் சொன்னவை மட்டுமே வந்திருக்கின்றன. பருத்திச் சட்டைக்கும் முத்திரையை இந்த இழையில்தான் நெய்தார்கள்; அப்படிச் சட்டை மக்கி வெறும் இலையாகக் கிடைப்பவற்றைப் போலி என்று நீங்கள் வீசிவிடுகிறீர்கள். உண்மை சொன்னவை அவைதான்."

செங்கோடன் கவுனை வாங்கி இலையையே பார்த்தான். பிறகு பெட்டியை நிமிர்ந்து பார்த்து, நிஜமாகவே புரியாமல் கேட்டான்:

"பச்சப் புள்ளைக்குப் போடற துணீல எவனாச்சும் பொய் எழுதுவானா?"

பெட்டிக்கு உலகத்து நூல்கள் அத்தனையும் தெரியும். ஆனாலும் இதற்கு, "காரணம் எனக்கு விளங்கவில்லை" என்று மட்டும் சொன்னது.

அப்பாடா என்று சபை மூச்சு விட்டது. "பார்த்தீங்களா, பெட்டி பழுது" என்றார் ஒரு பெரியப்பா. "நம்ம முன்னோர் அப்படிப்பட்டவங்களா? அவங்க புள்ளைங்க நல்லா இல்லாமயா நாம வந்தோம்?"

"பெட்டி பழுதுன்னே வெச்சுக்குங்க. இது பழுதா?" வஞ்சி குழந்தையைத் திருப்பி முதுகைக் காட்டினாள். கவுன் பட்டுப் போன அந்த ஒரு நொடிக்கே, ஆறிய தழும்புகள் மறுபடியும் சிவந்திருந்தன. "அண்ணா, உன்ற மடி எனக்கு வேணும். உன்ற சட்டை வேண்டாம். இதுக்காக நீ வாசப்படி மிதிக்கமாட்டேன்னா, அழுதுக்கறேன். ஆனா போடமாட்டேன்."

செங்கோடன் அந்த முதுகைத் தொட்டுப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஊருக்கு நடுவில் மீசை வைத்த மனுஷன் அல்லவா! சபையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். சட்டென்று கவுனின் கழுத்திலிருந்து இலையைப் பிய்த்தான். பருத்திச் சட்டையைக் குழந்தைக்கு மாட்டி, அதன் கழுத்தில் இலையை வைத்து ஓர் ஊக்கால் குத்தினான்.

"இப்ப இதும் என்ற சீருதான்" என்றான்.

சபைக்கு முகம் மலர்ந்தது. முதல் ஆளாக மயிலாத்தாள்தான் வந்து தடவிப் பார்த்தாள். "அடேங்கப்பா, என்ன மெதுமெதுப்பு! முத்திரை இருக்கற துணின்னா சும்மாவா?" நானூறு வருடத்தில் அந்த இலை மெய்யான பருத்தியின் மேல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அதற்கும் ஒரு தில்லுமுல்லு தேவைப்பட்டது.

ஆனால் பவளாயி நெளிந்தாள். பிடரியில் இலையின் வெட்டு முனை உரசிக்கொண்டிருந்தது. வஞ்சி குனிந்து பார்த்து ஊக்கைக் கழற்றினாள்.

"விடு அம்மிணி, அது இருந்தாத்தான் சபை வாய மூடும்" என்று செங்கோடன் கெஞ்சினான்.

"சபைக்கா உறுத்துது? என்ற புள்ளைக்கு உறுத்துதுங்ண்ணா." இலையை எடுத்து மண்டபத்தின் நடுவில் வீசினாள். "முத்திரை வேணுங்கறவங்க எடுத்துக்குங்க. எங்களுக்குத் துணி போதும்."

அண்ணன் குழந்தையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டு காதைக் காட்டினான்.

"குத்துங்" என்றாள் வஞ்சி, ஊசியோடு நின்ற காது குத்துகிறவரைப் பார்த்து.

ஊசி இறங்கியதும் பவளாயி ஊரைக் கூட்டினாள். ஊர் திரும்பிப் பார்க்கவில்லை. "என்ற மருமக மாசமா இருக்கறா, எனக்குக் குடுங்க!" என்று மயிலாத்தாள் கத்த, "நான்தான் மொதல்ல தொட்டேன்" என்று பெரியப்பா கத்த, மண்டபத்தின் நடுவில் அத்தனை பேரும் மண்டியிட்டு அந்த இலையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.