உப்பேறிய எண்

“கடவுளுக்கு மட்டும் ஆன்டெனா இல்லாம எப்படிக்கா கேக்குது?” என்று நிழற்கூடத்தைப் பார்க்க வந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி ஒருமுறை கேட்டாள்.

“அவருக்குக் காது நல்லாருக்கு. நமக்குத்தான் கருவி வேணும்” என்றாள் அங்கே பொறியாளராக இருந்த பிலோமினா.

தூத்துக்குடியின் அந்தக் கூடத்தில் எல்லாக் கருவியும் முதலில் ஒளியாலான மாதிரியாக உருவாகும். கூடமே அதை அளந்து ஒப்புதல் தரும்; அடுத்த மணிநேரம் ஆலை அச்சடிக்கத் தொடங்கும். பிலோமினா செம்பைக் கையால் தொட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று கூடம் ஒப்புதல் தர மறுத்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்றே நாள். முந்நூறு படகுகள் அலைத்தகடு என்ற புதிய ஆன்டெனாவுக்குக் காத்திருந்தன. ஒரு பலகை, அதன்மேல் செம்புத் தகடு, கீழிருந்து பலகையைத் துளைத்து மின்னலையைக் கொண்டுவரும் ஊசி, அவ்வளவுதான். படகின் குரலைக் குவித்துச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் அதன் திறன், அதாவது ஈட்டம், ஏழு இருக்க வேண்டும். மூன்றுதான் வந்தது. நடுக்கடலில் உதவி கேட்டால் யாருக்கும் எட்டாது.

“ஊசிய எங்க நட்டாலும் இதே கததாங்க்கா” என்றான் உதவிப் பொறியாளன் ரெமிஜியுஸ்.

“ஆற்றல் திரும்பி வருதா?”

“ஒரு துளி வரல. எல்லாம் உள்ள போவுது.”

“வானத்துக்கும் போவல, திரும்பியும் வரல. அப்ப நடுவுல யாரோ திங்குதாவ.”

“நான் இல்லக்கா. நான் இட்லிதான் தின்னேன்.”

அவள் பலகையின் இழப்பெண்ணைத் திறந்தாள். பலகை எவ்வளவு ஆற்றலை வெப்பமாக்கி வீணடிக்கும் என்று சொல்லும் எண் அது. பட்டியலில் உள்ளதைப்போல் பத்து மடங்கு இருந்தது.

“புள்ளிக்கு அடுத்து ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சு. போட்டுருதேன், ஏழு வந்துரும்.”

“இருல.”

அந்த எண்ணை யாரும் தட்டெழுதவில்லை. ஞானதீபம் என்ற படகுக்காரர் தன் பழைய அலைத்தகட்டைக் கழற்றி, கூடத்தின் அளவைப் பெட்டியில் வைத்துப் போயிருந்தார். பெட்டி அளந்ததைக் கூடம் ஏற்றுக்கொண்டிருந்தது. பிலோமினா பெட்டியைத் திறந்தாள். பலகை ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கூடவே அவர் பதிந்த குரல்:

“போன புயல்ல ரெண்டு நாள் கூப்பிட்டேன் தாயி, யாருக்கும் கேக்கல. மாதா புண்ணியத்துல கரை சேந்தோம். குத்தம் சொல்ல வரல. அடுத்தவங்க படகுக்காவது ஆகட்டும்.”

பலகையின் மூலையில் ஒப்புதல் முத்திரை இருந்தது: பிலோமினா. கடலுப்பு ஏறாத, உலர்ந்த பலகையின் எண்ணைச் சென்ற ஆண்டு கூடத்துக்குக் கொடுத்தவள் அவளே. அவர் புகார் எழுதியிருந்தால் அவளுடைய உரிமம் போயிருக்கும். கூடம் பொறியாளர்கள் சொன்னதை ஓராண்டு நம்பியது. கூடம் உண்மையைச் சொன்ன அன்றோ, அதைத் திருத்த அவர்கள் கை நீண்டது.

“பூஜ்யம் போடாத. பலகையே வேண்டாம். தகட்ட நாலு கால்ல நிறுத்து, நடுவுல காத்து இருக்கட்டும். உப்பு ஏறாம மூடி போட்டு அடை.”

ஈட்டம் எட்டைத் தாண்டியது. ஒப்புதல் வந்தது.

படகில் இருக்கும் பழைய தகட்டுக்கு மாற்றாகவே ஆலை புதியதைத் தரும்; பழையதை முன்பே கழற்றிக் கொடுத்துவிட்டதால், ஆலையின் பட்டியலில் ஞானதீபத்தின் படகு மட்டும் இல்லை. ஞாயிறன்று விடியற்பூசை கண்டு வந்த பிலோமினா, ஊரெல்லாம் இரண்டாம் பூசையில் இருந்தபோது புதிய அலைத்தகடு ஒன்றோடு அவர் படகில் ஏறினாள். பழகாத விரலைச் செம்பு கீறியது. நான்கு திருகுகளையும் இறுக்கி, ஒருமுறை அழைத்துப் பார்த்தாள். பதில் வந்தது. கூட்டம் கலையுமுன் இறங்கி நடந்தாள்.