பாதி ஓட்டை

ஓட்டைக்குள் ஊற்றிய தண்ணீர் கீழே விழுகிற சத்தம் வரவில்லை.

மாஸ்டர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிமெண்ட் வைப்பதற்கு முன் ஓட்டையை நன்றாக நனைக்க வேண்டும்; இல்லாவிட்டால் காய்ந்த கான்க்ரீட் புதுக் கலவையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஒட்டாது. எலுமிச்சம்பழம் போகிற அளவு ஓட்டைக்கு ஒரு மக் தண்ணீர் போதும் என்று நினைத்தார். ஒரு மக் போயிற்று. வாளியோடு சாய்த்தார். அதுவும் போயிற்று. விளிம்பில் ஒரு சொட்டு தேங்கவில்லை, அடியில் எங்கோ கொட்டுகிற ஓசையும் இல்லை. தாகம் எடுத்தவன் அண்ணாந்து குடிப்பதுபோல நிறுத்தாமல், நிதானமாக உள்ளே போனது.

"எல்லாம் அவன் வேலை," என்றார் வாய்விட்டு.

அவன் என்றால் தம்பி. இரண்டு வருடமாக மாஸ்டருக்குத் தலை வலித்தாலும் அவன் வேலை, கட்டிங் மாஸ்டராக இருக்கும் தையல் கம்பெனியில் துணி கோணலாக வெட்டுப்பட்டாலும் அவன் வேலை. ஒரே மனையில் அப்பா கட்டிவிட்டுப் போன இரண்டு வீடுகள். நடுவில் கேட்டிலிருந்து பின்கட்டு வரை வண்டி போக ஒரு கான்க்ரீட் பாதை. அது இருவருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய இரவு பக்கத்திலிருந்த தம்பி, அண்ணனுக்குப் பொழுது விடிந்த பிறகுதான் சொன்னான். ஏன்டா கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, "தூங்கட்டும்னு விட்டுட்டேன்" என்றான். காரியமெல்லாம் முடிந்த மறுநாள், மாஸ்டர் கம்பெனியில் துணிக்குக் கோடு போடுகிற அதே பொறுமையோடு, நூல் பிடித்து, பாதையின் நடுவே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். அன்றிலிருந்து பேச்சு கிடையாது.

ஓட்டை விழுந்ததும் அந்தக் கோட்டின் மேல்தான். டேப் வைத்து அளந்து பார்த்தார். சரிபாதி. போன வாரம் ஸ்கூட்டரின் முன்சக்கரம் அதன் விளிம்பில் தடுக்கி, தெருவே பார்க்க மல்லாந்து விழுந்தார். ஜன்னலில் நின்ற தம்பியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது இருமலாகவும் இருந்திருக்கலாம். சிரிப்பு என்றே மாஸ்டர் வைத்துக்கொண்டார்.

அன்று, சனிக்கிழமை, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே கொத்தனார் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்திருந்தார்.

"சுத்தி நாலு விரக்கடை வெட்டி, சதுரமாக்கி, முழுசா அடைக்கணுங்க."

"என் பாதியை மட்டும் அடைங்க. அந்தப் பக்கம் உளி படக் கூடாது."

"ஓட்டைக்கு ஏதுங்க பங்கு?"

"அப்போ நீங்க கிளம்பலாம்."

கொத்தனார் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டுச் சொன்னார். "கோபம் ஓட்டையை அடைக்காதுங்க. அடியில உங்கப்பா காலத்துத் தண்ணித்தொட்டி இருக்கு, பின்கட்டு வரைக்கும் போகுது. பாத்து நடங்க."

அவர் போனதும்தான் மாஸ்டரே வாளியோடு இறங்கினார். கம்பெனியிலிருந்து வந்த வெட்டுத் துணிகளைப் பந்தாகச் சுருட்டி அடைப்பாக உள்ளே திணித்தார். அளந்து அறுத்த சிறு பலகையைக் கோட்டின் மேல் செங்குத்தாகச் செருகி, தன் பக்கப் பாதியில் கலவையை அழுத்தினார். அரைவட்டம் அழகாக வந்தது. அந்தப் பக்கம் தம்பியின் பாதியில் ஓர் இரும்புச் சட்டி கிடந்தது. அதில் கலவை கல்லாக இறுகி, கொத்துக்கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் தம்பியின் ரப்பர் செருப்பு. அவனும் தன் பாதியை மட்டும் அடைக்கப் பார்த்திருக்கிறான், பாதியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். எதைத்தான் அவன் முழுதாகச் செய்தான் என்று மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. குப்பையை வேண்டுமென்றே கண்ணில் படும்படி போட்டிருக்கிறான் என்று தோன்றியதும் அது எரிச்சலாக மாறியது.

ஞாயிறு காலை துணியும் இல்லை, கலவையும் இல்லை, பலகையும் இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது. நக்கி வைத்த பாத்திரம்போலச் சுத்தமாக இருந்தது.

மாஸ்டர் கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் நுனியை வைத்துக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்துக் கத்தினார். "ஆம்பளையா இருந்தா வெளிய வாடா! திருட்டுத்தனமா நோண்டி எடுக்கிறியா?"

கதவு திறக்கவில்லை. கொஞ்சம் திறந்து பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்தியிருந்தால் மாஸ்டருக்கு ஆறியிருக்கும். பேசாதவனோடு சண்டை போடுவது சுவரில் பந்தடிப்பதுபோல, அடித்தவனுக்கே திரும்பி வருகிறது. மறுபடி துணி, மறுபடி கலவை. இந்த முறை ஜல்லியும் சேர்த்தார்.

நடுப்பகல் வெயிலில் பாதை தகித்தது. தெருவில் ஒருவரும் இல்லை, மரத்தில் இலை அசையவில்லை, எங்கோ ஒரு மோட்டார் ஓடி நின்றது. அந்த நிசப்தத்தில் கலவையின் மேற்பரப்பைக் கரண்டியால் நீவிக்கொண்டிருந்தபோது மாஸ்டருக்கு ஒரு வாடை வந்தது. சிமெண்ட் வாடை இல்லை. ஃபினாயிலும், நனைந்த படுக்கைவிரிப்பும், மூடிய ஜன்னலும் சேர்ந்து அடிக்கிற வாடை. அம்மாவின் வார்டில், விடிந்த பிறகு அவர் போய் நின்றபோது, அடித்த வாடை. கரண்டிக்கு அடியில் கலவை ஒருமுறை மெல்ல ஏறி இறங்கியது.

"காத்துக் குமிழி," என்று சொல்லிவிட்டு அதைக் கரண்டியின் அடிப்பக்கத்தால் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

அடியிலிருந்து, அதே வேகத்தில், ஓர் அடி திரும்பி வந்தது.

தொட்டிக்குள் எதிரொலி என்று தீர்மானித்தார். தீர்மானித்துவிட்டு வேகமாக வீட்டுக்குள் போனார், கரண்டியைக்கூடக் கழுவவில்லை. திங்கட்கிழமை காலை அந்த அரைவட்டமும் போயிருந்தது. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, சீக்கிரம் இறுகுகிற சிமெண்டு வாங்கி வந்து அடைத்தார். பத்து மணிக்கே கல்லாயிற்று. வெடிக்காமல் இருக்க ஈரச்சாக்கை மேலே போர்த்திவிட்டு, வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவன் கையும் களவுமாகச் சிக்கட்டும். சாப்பிட மட்டும் எழுந்து போனார், கால் மணி நேரம்.

திரும்பி வந்தபோது சாக்கின் நடுப்பகுதி குழிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் குழிந்தது. நான்கு மூலைகளும் கான்க்ரீட்டின் மேல் சரசரவென்று நகர்ந்து நடுவை நோக்கி வந்தன.

மாஸ்டர் பாய்ந்து ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். அது இழுபட்டது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. பிறகு திரும்ப இழுத்தது. முரட்டுத்தனமாக இல்லை. விளையாட்டாக. அவர் கையை விட்டதும் சாக்கு ஒரே மூச்சில் உள்ளே போயிற்று. கல்லாக இறுகியிருந்த அவருடைய அரைவட்டம் இல்லவே இல்லை.

இரண்டடி பின்வாங்கினார். கோபம்தான் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் அவருக்குப் பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது.

"ஏங்க." மனைவி மாடிப்படியில் வேகமாக இறங்கி வந்தாள். "சொன்னா கத்துவீங்கன்னுதான் சும்மா இருந்தேன். உங்க தம்பியை நாலு நாளா காணோம். பேப்பர் வாசல்லயே கிடக்குது. போன் போட்டேன், அணைஞ்சிருக்கு. கார் நிக்குது."

"நீ எதுக்கு அவனுக்குப் போன் போட்ட?"

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க! இப்போ மாடியிலேர்ந்து பாத்தேன். பின்கட்டுல தொட்டி மூடி திறந்து கிடக்குது."

சட்டியில் பாதியில் விட்ட கலவை. ரப்பர் செருப்பு. கலவை ஏன் நிற்கவில்லை என்று பார்க்கத் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறான். இறங்கியவன் ஏறவில்லை. கலவைக்கு அடியிலிருந்து வந்த அடி.

"ஐயோ," என்றார் மாஸ்டர். "அவன் தலை மேல மூணு நாளா நான் சிமெண்ட் கொட்டியிருக்கேன்."

மனைவி ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். தீயணைப்புக்குப் போன் செய்துகொண்டே ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "கொத்தனார் வீடு ரெண்டு தெருதான். கையோட கூட்டிட்டு வரேன்."

மாஸ்டர் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓடினார். தாண்டியதை அவர் கவனிக்கவே இல்லை. பின்கட்டில் மூடி நகர்ந்து கிடந்தது, உள்ளே இருட்டு. "டேய்! டேய் தம்பி!" கூப்பிட்ட குரல் உள்ளே போய்த் திரும்பவில்லை. பதில் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. பாதையில், ஓட்டையின் பக்கமிருந்து. மூன்று தட்டு.

உளியும் சுத்தியலும் எடுத்துவந்து மண்டியிட்டார். தன் பக்கம் என்றும் அவன் பக்கம் என்றும் பார்க்காமல் வெட்டினார். மஞ்சள் கோடு துண்டு துண்டாகத் தெறித்தது. கை நுழைகிற அளவு ஆனதும் குப்புறப் படுத்து, வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவினார். வெளியே கான்க்ரீட் கன்னத்தைச் சுட்டது. உள்ளே குளிர். விரல்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது.

மாஸ்டர் விம்மிவிட்டார். "பிடிச்சுட்டேன்டா. பயப்படாத. விட மாட்டேன்." கை ஈரமாக, சில்லென்று இருந்தது. "அம்மா விஷயம் போகட்டும்டா. தூங்கட்டும்னுதானே விட்ட? நான்தான் புரிஞ்சுக்கல. நீ முதல்ல வெளிய வா, ரெண்டு பேரும் உட்காந்து பேசுவோம்." இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றது அத்தனை எளிதாக வந்துவிட்டதில் அவருக்கே ஆச்சரியம். கை அவர் சொல்வதைக் கேட்பதுபோலச் சும்மா இருந்தது. பிறகு அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தடவியது. கட்டை விரலிலிருந்து சுண்டு விரல்வரை. மறுபடி முதலிலிருந்து.

கேட் கிறீச்சிட்டது.

"அண்ணா?"

மாஸ்டர் கன்னத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் கண்ணை மட்டும் திருப்பினார். ஷூ. பயணப் பை. அதற்கு மேல் வெயிலில் கறுத்த முகம்.

"கம்பெனில திடீர்னு வெளியூர் அனுப்பிட்டாங்க," என்றான் தம்பி. "சார்ஜர் எடுக்க மறந்து போன் செத்துப்போச்சு. இது என்ன கோலம்ணா? கை மாட்டிக்கிச்சா?"

உள்ளேயிருந்த கை, அந்தக் குரலைக் கேட்டதும், தடவுவதை நிறுத்தியது. இறுக்கியது.

தம்பி பையைப் போட்டுவிட்டு வந்தான். ஓட்டமாகத்தான் வந்தான். அவன் முகத்தில் இரண்டு வருடத்துக்கு முந்தைய முகம் இருந்தது. மண்டியிட்டு, கையை நீட்டி, இழுக்கப் போகிறான். தம்பி பக்கத்துக் கான்க்ரீட்டுக்கு அடியில், அவன் கால் வைக்கிற இடத்துக்கு நேர் கீழே, ஏதோ ஆவலாக உரசுவதை மாஸ்டரின் கன்னம் உணர்ந்தது.

வராதே என்று கெஞ்சினால் வருவான். காரணம் சொன்னால் இன்னும் பக்கத்தில் வருவான். அவனை நிறுத்த ஒன்றே ஒன்றுதான் உண்டு. மாஸ்டர் அதைத் தேடினார். இரண்டு வருடமாகக் கேட்காமலே வந்து நின்ற கோபம், தேவைப்பட்ட அந்த நேரத்தில் மருந்துக்கும் இல்லை. இல்லாததை நடித்தார்.

"எவன்டா உன்னைக் கூப்பிட்டான்? நில்லுடா அங்கேயே!"

தம்பி நின்றான்.

"அம்மாவைத்தான் நான் பாக்காமலே அனுப்பினே, என்னையும் வேடிக்கை பாக்க வந்தியா? என் கை, என் ஓட்டை. நான் பாத்துக்கிறேன். உன் நிழல் என் மேல விழக் கூடாது. போடா உள்ளே!"

தோளில் ஏதோ நரம்பு பிசகியது. வலியைக் காட்டாமல் பல்லைக் கடித்தார். அது வெறுப்பாகவே தெரிந்திருக்க வேண்டும். தம்பியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது.

"நீ திருந்தவே மாட்டேண்ணா," என்றான் களைப்பாக. பையை எடுத்துக்கொண்டு போனான். படி ஏறினான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தச் சத்தத்தைப்போல நிம்மதியான சத்தத்தை மாஸ்டர் வாழ்நாளில் கேட்டதில்லை. அழுதார். தீயணைப்பு வரட்டும். அதுவரை தாங்கலாம்.

கை இழுத்தது.

ஓர் அங்குலம். தோள் எலும்பு விளிம்பில் நெரிந்தது. நெஞ்சு தரையோடு ஒட்டியது. மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. கத்த வாய் திறந்தார். காற்று இல்லை.

கண்ணுக்கு நேரே தம்பியின் பாதி. வெயில். வெறும் கான்க்ரீட்.

அது புடைத்தது.

முதலில் ஒரு விரல் அளவு. பிறகு நான்கு. அடியிலிருந்து யாரோ உள்ளங்கையை ஊன்றியதுபோல, கல்லில் ஒரு கை எழும்பியது. அமுங்கியது. ஓர் அடி தள்ளி, அடுத்தது எழும்பியது. அமுங்கியது. அவசரமில்லாமல். படியை நோக்கி.

முதல் படி. இரண்டாம் படி. வாசல்.

கதவின் அடிப்பக்கத்தில் மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது. தயங்கித் தயங்கி, சமாதானம் பேச வந்தவன் தட்டுவதுபோல.

மாஸ்டர் கால்களை உதைத்தார். இடது கையால் தரையை அறைந்தார். வாய் தரையில். சத்தமில்லை.

உள்ளே காலடிகள் ஓடி வந்தன.

"அண்ணா?" தம்பியின் குரல். அதில் கோபமே இல்லை. "இருண்ணா, இதோ வந்துட்டேன்."

தாழ்ப்பாள் விலகியது.