வெள்ளாடு கொடுத்த தண்ணீர்

வெண்கலத்துக்கு வெள்ளாடு வேஷம் கிடைத்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெண்கலம் அவளுடைய பட்டப்பெயர். தொண்டை அப்படி. அவள் தோழியைக் கூப்பிட்டால் தெருவே எட்டிப் பார்க்கும்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கோவிலில் போடப்போவது நியாயத்தீர்ப்பு நாள் நாடகம். ராஜாவாக இயேசு சிம்மாசனத்தில் இருப்பார். எளியவர்களுக்குச் செய்தது அவருக்கே செய்த மாதிரி. தாகத்தோடு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள், நோயாளிகளைப் போய்ப் பார்த்தவர்கள் எல்லாம் செம்மறியாடுகள். அவர்களுக்கு வலப்பக்கம். அப்படிச் செய்யாதவர்கள் வெள்ளாடுகள். அவர்களுக்கு இடப்பக்கம். வலப்பக்கத்துக்கு மோட்சம். இடப்பக்கத்துக்கு அணையாத நெருப்பு.

"டீச்சர், நான் செம்மறியாடா இருக்கேனே," என்று கெஞ்சினாள்.

"செம்மறியாடுங்க சும்மா சிரிச்சுக்கிட்டு நிக்கும். வெள்ளாடுங்கதான் 'ஆண்டவரே, எப்போ உம்மைப் பார்த்தோம்?'னு கதறணும். கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்க வேணாமா? உன்னை விட்டா யாரு இருக்கா?" என்றார் டீச்சர்.

வீட்டில் அம்மா கோணி ஊசியால் சாக்கைத் தைத்து வெள்ளாட்டுச் சட்டை ஆக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் இடப்பக்கம் நிக்கிறதை இயேசப்பா பார்த்துட்டு, 'ஓ, இவ அந்தப் பக்கத்து ஆளு'ன்னு முடிவு பண்ணிட்டாருன்னா?"

"நாடகம் எது, நிஜம் எதுன்னு அவருக்குத் தெரியாதாடி? கையைத் தூக்கு, அளவு பாக்கணும்."

வெண்கலத்துக்கு நம்பிக்கை வரவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வாரம் முழுக்க நல்லவளாக இருந்து தீர்த்தாள். அப்பா வாயைத் திறந்தாலே தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கொட்டாவி விடத்தான் திறந்திருப்பார். பக்கத்து வீட்டு டிரைவர் மாமாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, தினமும் பார்க்கப் போனாள்.

"மாமா, தூங்கறீங்களா?"

"தூங்கிட்டுதான்மா இருந்தேன்."

"அப்ப சரி, தூங்குங்க. நான் வந்துட்டுப் போனேன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க!"

நாடக நாள் வந்தது. கோவிலில் உட்கார இடமில்லை. பேக்கரிக்காரர் மகன்தான் ராஜா. முகம் முழுக்கப் பஞ்சுத் தாடி. நடுவில் மூக்கு மட்டும் தெரிந்தது. வலப்பக்கம் செம்மறியாடுகள் பளபளவென்று நின்றன. இடப்பக்கம் வெள்ளாடுகள் சாக்குக்குள் சொறிந்துகொண்டிருந்தன.

"என்ன நடந்தாலும் அசையக் கூடாது. சிரிச்ச முகம் மாறக் கூடாது," என்று செம்மறியாடுகளுக்கு டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ராஜா செம்மறியாடுகளை வாழ்த்தினான். பிறகு வெள்ளாடுகள் பக்கம் திரும்பினான். கர்ஜிப்பதற்காக மூச்சை இழுத்தான். மூச்சோடு சேர்ந்து பாதித் தாடியும் உள்ளே போய்விட்டது.

இருமல் பிடித்துக்கொண்டது. முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. செம்மறியாடுகள் அசையாமல் சிரித்துக்கொண்டே நின்றன. "பையன் என்னமா நடிக்கிறான்!" என்று முன்வரிசையில் யாரோ கைதட்டினார். திரைக்குப் பின்னால் டீச்சர், "இருமல் எந்தக் காட்சியில வருது?" என்று தாள்களைப் புரட்டினார்.

வெண்கலம் பாய்ந்தாள். ராஜாவின் வாயிலிருந்த பஞ்சைப் பிடித்து இழுத்தாள். மேடை ஓரத்துக் குடத்திலிருந்து டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து குடிக்க வைத்தாள். முதுகில் ஓங்கி ரெண்டு போட்டாள். ராஜாவுக்கு உயிர் வந்தது.

"வசனம்! வசனம்!" என்றது திரை.

ராஜா கடமை தவறாதவன். நிமிர்ந்து உட்கார்ந்தான். வெண்கலத்தை நோக்கிக் கையை நீட்டினான்.

"நான் தாகமாயிருந்தேன்! நீ எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை!"

"அடப்பாவி! இப்பதானேடா கொடுத்தேன்! டம்ளர்கூட உன் கையிலதான் இருக்கு!"

கடைசி பெஞ்சு என்ன, கோவிலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் அது கேட்டது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

ராஜா டம்ளரைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். "டீச்சர், இவ நிஜமாவே கொடுத்தா. இவளை எப்படி இந்தப் பக்கம் நிறுத்துறது?"

டீச்சர் மறுபடியும் தாள்களைப் புரட்டினார்.

அதற்குள் ஒரு செம்மறியாட்டுக்குப் பயம் வந்துவிட்டது. "நானும் கொடுக்கறேன்!" என்று குடத்துக்கு ஓடியது. அதைப் பார்த்து மற்ற ஆடுகளும் ஓடின. எல்லோரும் ராஜாவைச் சூழ்ந்துகொண்டு டம்ளரை நீட்ட, யார் வலம், யார் இடம் என்றே தெரியவில்லை.

"போதும்! என் வயித்துல இடமில்ல!" என்று ராஜா அலற, டீச்சர் திரையைப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏண்டி, தண்ணி கொடுத்தா வலப்பக்கம் கூப்பிடுவாங்கன்னு நெனச்சியா?"

"போம்மா! அவனுக்குக் கண்ணு பிதுங்கிடுச்சு. நான் எந்தப் பக்கம் நிக்கறேன்னே மறந்து போச்சு."

அம்மா நடுத்தெருவிலேயே நின்று அவளை இறுகக் கட்டிக்கொண்டார். சாக்கு இரண்டு பேரையும் சேர்த்துக் குத்தியது.