கோன்கார்னோ போகிற வழி

"இன்னிக்கு வண்டி எங்கயும் நிக்காது. நேரா பாரிசுதான்… சொல்லிப்போட்டேன்!"

கணவர் தனபாலின் சத்தத்தில், உப்புமா கிளறிக்கொண்டிருந்த சௌந்திரத்தின் கை நின்றது. நாமக்கல்லிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த ரவை அன்றோடு தீர்ந்திருந்தது. அந்த வாடகை வீட்டின் சன்னலுக்கு வெளியே பிரான்ஸ் நாட்டின் மேற்குக் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"ஏனுங்க… கோன்கார்னோ இங்கிருந்து பக்கந்தானுங்களாமா. சந்தோசு போன்ல சொன்னான்."

"சொல்லுவான், சொல்லுவான்! அறுவதாங் கல்யாணத்துக்கு அப்பனாத்தாள ஊரு பாக்க அனுப்பறானாமா… எந்த ஊருப் பக்கமா கொண்டாந்து உட்டிருக்கறான் உம்மவன்? எனக்குத் தெரியாதா?"

கோன்கார்னோவில் நித்யஸ்ரீ இருந்தாள். அவர்களுடைய மகள். ஒன்பது வருடங்களுக்கு முன் ஆத்தூர்ப் பக்கத்து வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு அவனோடு இந்த நாட்டுக்கு வந்துவிட்டவள். சேதி தெரிந்த அன்றே, செத்தவர்களுக்குக் குளிப்பதுபோல் வீட்டில் எல்லோரையும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வைத்தார் தனபால். குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு சௌந்திரம் வெளியே வந்ததைச் சொந்தக்காரர் யாரோ மகள் காதில் போட்டுவிட்டார்கள். "நீயுமாம்மா?" என்று போனில் கேட்டாள் மகள். பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். சௌந்திரம் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு மகள் இவளுடைய அழைப்பை எடுக்கவேயில்லை.

நாமக்கல்லிலிருந்து குவாஹாத்தி வரைக்கும் லாரி ஓட்டியவர் தனபால். வாடகைக் காரில் வலப்பக்கமாகப் போகும் இந்த ஊர் ஓட்டமும் இரண்டே நாளில் அவர் கைக்குப் பழகிவிட்டது. கல் வீடுகள் வந்தன. வேலியோரத்தில் நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தலை சாய்த்திருந்தன. கடல் தெரிந்தது, மறைந்தது.

சாலைகள் கூடும் பெரிய வட்டம் ஒன்று வந்தது. தனபால் அதற்குள் நுழைந்தார். பாரிஸ் போகிற பாதை கடந்துபோயிற்று. கோன்கார்னோ போகிற பாதையும் கடந்துபோயிற்று. இன்னொரு சுற்று. மறுபடியும் ஒன்று. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தினான்.

"ஏனுங்க, செக்கு மாடாட்டம் சுத்தறீங்க! வழி தெரியலீங்களா?"

"வழி தெரியுது புள்ள… போறதுக்குத்தான் தெரியல."

அவரிடம் அப்படியொரு குரலை அவள் கேட்டதில்லை. இத்தனை வருடம் நெஞ்சில் அடைத்துக் கிடந்தது தானாகவே வெளியே வந்தது.

"நான் அன்னிக்குத் தண்ணி ஊத்திக்கலீங்க… முன்னால முடிய மட்டும் நனைச்சுப்போட்டு, சொம்பு சொம்பாத் தரையிலதான் ஊத்துனேன். பெத்த புள்ள உசுரோட இருக்கறப்ப… எங்கையி வரலீங்க!"

கார் சுற்றிக்கொண்டேயிருந்தது.

"தெரியும்."

"என்னங்க…?"

"பின்னால முடியெல்லாம் காஞ்சு கெடந்துச்சு. பாத்தேன். ஊட்டுல ஒருத்தியாச்சும் ஊத்திக்காம இருக்கட்டும்னு… உட்டுட்டேன்."



"தெரிஞ்சேவா எம்மவ என்னைய வெறுக்கறதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க? ஒரு வார்த்த… ஒரே ஒரு வார்த்த அவகிட்டச் சொல்லியிருக்கக் கூடாதுங்களா!"

தனபால் கோன்கார்னோ பக்கம் இண்டிகேட்டரைப் போட்டார்.

சந்தோசு சொல்லியிருந்த வீட்டின் கதவைத் திறந்த நித்யஸ்ரீ அப்படியே நின்றாள். கன்னமெல்லாம் ஒட்டி, அடையாளம் மாறியிருந்தாள்.

"இங்க எதுக்கும்மா வந்தே? செத்தவ ஊட்டுக்கு யாராச்சும் விருந்து வருவாங்களா?"

சௌந்திரத்துக்குப் பின்னால், கேட்டுக்கு வெளியிலிருந்தே தனபால் பேசினார்.

"அவ ஊத்திக்கல சாமி. ஊத்திக்கிட்ட மாதிரி வந்து நின்னா… அவ தல காஞ்சிருந்தத நான் பாத்தேன். பாத்துப்போட்டும் உங்கிட்டச் சொல்லல. அவள ஒண்ணும் பேசாத. பேசறதெல்லாம் என்னையப் பேசு."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா…!"

வாசற்படியிலேயே மகள் தாயின் தோளில் சரிந்தாள். சௌந்திரம் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. தூறல் விழ ஆரம்பித்தது.

"அவரு… அங்கேயேவா இருக்கப்போறாரு?"

"நான் கூப்புட மாட்டேன் சாமி. அது உம்மனசு. நீ கூப்புடலீன்னாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நித்யஸ்ரீ நனைந்துகொண்டே நடந்துபோய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"இங்க வண்டி நிறுத்தக்கூடாதுங்க… அபராதம் போட்டுருவாங்க. ரிவர்ஸ் எடுத்து உள்ள உடுங்க."

முப்பது டன் லாரியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் எடுத்தவருக்கு இன்று கியர் விழவில்லை. கார் கோணிக்கொண்டு நின்றது. நித்யஸ்ரீ பின்னால் போய்க் கையைக் காட்டினாள்.

"வரட்டும்… வரட்டும்… லெப்டுல ஒடிங்க… வரட்டும்…"

கார் முற்றத்துக்குள் வந்து நின்றது.

"போதும்" என்றாள். பிறகு, உடைந்த குரலில், "போதுமுங்கப்பா… எறங்கி வாங்க."