நீக்கியதை மட்டும் கேட்க

அக்டோபர் 14, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. தம்பியின் ஒலிக்கோப்பைத் திறந்து, இரைச்சலை நீக்கினால் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். புதுப் பெயரில் சேமிப்பதற்குப் பதிலாகப் பழைய பெயரிலேயே சேமித்துவிட்டேன். அவனிடம் வேறு நகல் இருக்கும்.

'இருக்கும்' என்ற சொல்லின் முடிவில் அவள் பேனாவை எடுக்காமல் வைத்திருந்தாள். மை ஊறிப் புள்ளி பெரிதாகியது. அது தவறுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சேமிக்கவா என்று கணினி கேட்டது. பழையது அழிந்துவிடும், பரவாயில்லையா என்று இன்னொரு முறையும் கேட்டது. இரண்டு முறையும் ஆம் என்றது அவள் விரல்தான்.

கூடத்தில் தம்பி எதையோ தின்றபடி அம்மாவிடம் வம்பளந்துகொண்டிருந்தான். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத்தான் அவள் டைரியை எடுத்திருந்தாள். ஆனாலும் மேசைமேல் கிடந்த ஹெட்போனின் பஞ்சுக்குள்ளிருந்து ஏதோ மெல்லக் கேட்டது. திரையைப் பார்த்தாள். கோப்பு எப்போதோ முடிந்திருந்தது.

பகலில் அவளுக்குக் காது பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒலி புகாத சிற்றறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கருவியின் முன் அமர்ந்து, கூ, கூ என்று ஒற்றைச் சுரங்களை அனுப்புவாள். இரண்டு வருடம் அந்தச் சத்தத்தை அவள் சத்தமாகவே நினைத்ததில்லை. பரிசோதனைக்கு வந்த இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர், "உங்க மெஷின் போடுற மாதிரி சத்தத்தையே பாட்டா போடுறவங்க இருக்காங்கம்மா, தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ஒரு சீட்டில் அப்படிப்பட்ட நாலு பாட்டின் பெயர்களை எழுதிக்கொடுத்துப் போனார். அன்று மாலை அதில் ஒன்றைத் தேடிக் கேட்டாள். மெட்டு இல்லை, தாளம் இல்லை, சொல் இல்லை. ஒரே ஒலி இருபது நிமிடம் ஈரம் சுவரில் ஏறுவதுபோல ஏறியது. முடிந்தபோது அறையில் விளக்குப் போட மறந்திருந்தாள். தன் வேலை அழகானதாக இருக்கலாம் என்று அன்றுதான் முதல்முறை தோன்றியது. மறுவாரமே மின்னணு இசைக்கான மாலை வகுப்பில் சேர்ந்தாள். கேட்ட ஒலிகள், செய்த தவறுகள், மறுநாள் வேலை என்று தினமும் எழுதத் தொடங்கியதும் அப்போதுதான்.

ஆக, இது அவள் கண்டுபிடித்தது. அவளுடையது.

தம்பி அவளை பைக்கில் கூட்டிப்போக வந்தவன். சுவர்களில் ஸ்ப்ரே டப்பாவால் படம் வரைகிறவன். ரயில் பாலத்தடியில், மூடிய கடைகளின் இரும்புக் கதவுகளில், எங்கே வெறும் இடம் கிடைத்தாலும் வரைவான். வகுப்பு முடியும்வரை கடைசி வரிசையில் நகக்கண்களில் நீலப் பெயிண்டோடு உட்கார்ந்திருப்பான். இரண்டாம் வாரம் ஆசிரியர் அவனிடம் ஏதோ கேட்டார். மூன்றாம் வாரம் அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

பருவத்தின் கடைசி வேலை இதுதான்: படம் வரைந்த ஒரு சுவரை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒலி செய்ய வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை ஆசிரியர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அது மட்டும் பெரிய சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை முழுக்க ஒலிபெருக்கி வைத்து, ஒரு மாதம், போகிறவர் வருகிறவர் காதில் எல்லாம் விழும். அவள் ஏழு வடிவம் செய்தாள். ஒவ்வொன்றுக்கும் அட்டவணை போட்டாள். தம்பி சுரங்கப்பாதைச் சுவரில் தான் வரைந்த ஆளின் முதுகில் ஒட்டு மைக்கை டேப் போட்டு ஒட்டினான். காற்றில் வருவதை விட்டுவிட்டு, சுவருக்குள் ஓடும் அதிர்வை மட்டும் எடுக்கிற மைக் அது. நாற்பது நிமிடம் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, கழற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த ஆள் வேறொன்றும் இல்லை. நீலப் பின்னணியில், ஆள் உயரத்தில், சாம்பல் நிறத்தில், வீதிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்கும் ஒருவன். 'ஏன்டா முகமே இல்ல' என்று அம்மா கேட்டதற்கு, 'அந்தப் பக்கம் இருக்கும்மா' என்றான்.

போன வகுப்பில் எல்லாவற்றையும் விளக்கை அணைத்துக் கேட்டார்கள். அவளுடையது முடிந்ததும், "சுத்தமா இருக்கு," என்றார் ஆசிரியர். தம்பியுடையது முடிந்ததும் யாரும் விளக்கைப் போடவில்லை. வெகுநேரம் கழித்து இருட்டிலிருந்து ஆசிரியரின் குரல் மட்டும் வந்தது. "இதுல யாரோ இருக்காங்க."

"அக்கா பாட்டையே போடுங்க சார், அவதான் ராப்பகலா உழைச்சா," என்றான் தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவன் பெருந்தன்மையாகச் சொன்னதுதான் வயிற்றில் நெருப்பை வைத்தது. அவன் பொறாமைப்படக்கூட அவள் லாயக்கில்லை.

அதனால்தான் செவ்வாய் மாலை, வீட்டில் இருவருக்கும் பொதுவான கணினியில் அவன் கோப்பைத் திறந்தாள். அதில் என்னதான் இருக்கிறது? மேலே லாரிகளின் உறுமல், குழாயில் தண்ணீர், எங்கோ இரும்பு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மெல்லிய இரைச்சல். அதை மாதிரியாகக் காட்டி நீக்கச் சொன்னாள். நீக்கியதும் பாட்டு செத்துப்போனது. வெறும் லாரி, வெறும் குழாய். பத்து விநாடி அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிறகு, 'நீக்கியதை மட்டும் கேட்க' என்ற பொத்தானை அழுத்தினாள்.

மூச்சு. சுவருக்கு மிக அருகில் வாயை வைத்து ஒருவர் விடுகிற மூச்சு. சீராக, பொறுமையாக, நாற்பது நிமிடமும்.

அதைத் தனிக் கோப்பாக, தன் பெயரில் சேமித்தாள். டைரியில் அதை எழுதவில்லை.

புதன்கிழமை காலை தம்பி பைக்கைத் துடைக்காமல் கையில் துணியோடு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, உன்ன ஒண்ணு கேக்கணும்."

"என்னடா?"

"நீ சுரங்கப்பாதை பக்கம் போனியா? ஆளக் காணோம்."

"எந்த ஆளு?"

"என் ஆளுதான். சுவத்துல நிப்பானே."

"ஓடிப்போறதுக்கு முன்னாடி சொல்லிட்டாவது போயிருக்கலாம்," என்றாள் அம்மா அடுப்பைப் பார்த்தபடி.

"விளையாடாதம்மா."

"எவனாவது மேல வெள்ளையடிச்சிருப்பான்," என்றாள் அவள்.

"அடிச்சா எனக்குத் தெரியாதா? சுத்தி நான் அடிச்ச நீலம் அப்படியே இருக்கு. நடுவுல மட்டும் ஆள் அளவுக்கு வெறும் சிமென்ட்."

வேலையிலிருந்து கொஞ்சம் முன்பே கிளம்பிப் போய்ப் பார்த்தாள். சுரங்கப்பாதையில் மூத்திர வாடையும் ஸ்ப்ரேயின் இனிப்பு வாடையும் கலந்திருந்தன. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் மணியை அடித்து எதிரொலி கேட்டுக்கொண்டு போனார்கள். நீலத்துக்கு நடுவே தலை, தோள், கை, கால் என்று துல்லியமாக ஒரு காலியிடம். சுரண்டிய தடம் இல்லை. பழைய சுவரொட்டியின் பசை காய்ந்து கிடந்தது. ஒரு விரிசலில் பாசி. இடுப்பு இருந்த இடத்தில் தூசி படிந்த சிலந்திவலை. அந்த இடத்தில் பெயிண்ட் பட்டதே இல்லை.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நீலம் சில்லென்றிருந்தது. காலியிடம், ஒருவர் இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. பயப்பட வேண்டும் என்று நினைத்தாள். அதற்கு முன் வேறொன்று வந்துவிட்டது: இனி அவனிடம் அது இல்லை.

வியாழன் மாலை ஆறு மணிக்கு நிலையத்தில் எல்லோரும் கிளம்பினார்கள். வரவேற்பு மேசைக்காரி கைப்பையை மாட்டிக்கொண்டே, "ஏசிய அணைச்சிடுங்க, போன வாட்டி மாதிரி மறந்துடாதீங்க," என்றாள்.

"மறந்தது டாக்டர்."

"டாக்டரச் சொல்ல முடியுமா? நீங்கதான் எல்லாத் தப்பையும் டைரியில எழுதிக்கிற ஆளு. இதையும் சேத்துக்கோங்க."

கதவு சாத்தியது. நாளை தன் வேலையாகக் கொடுக்கப்போகும் அந்த மூச்சுக் கோப்பை நல்ல கருவியில் ஒருமுறை அளந்துவிட வேண்டும் என்றுதான் அவள் தங்கினாள். எந்த அளவு ஒலியில் அது காதுக்கு எட்டுகிறது, எதற்குக் கீழே மறைகிறது என்று தெரிந்தால் சுரங்கப்பாதையில் எவ்வளவு வைப்பது என்று ஆசிரியரிடம் அவளே சொல்லலாம்.

சிற்றறைக்குள் நோயாளியின் நாற்காலி எப்போதும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித்தான் இருக்கும். கருவியில் அவள் கை அசைவதைப் பார்த்து யாரும் ஏமாற்றிவிடக் கூடாது. ஒலி கேட்டால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். இங்கே அவள் முன் பச்சை விளக்கு எரியும். ஹெட்போன் நாற்காலியின் மேல் கிடந்தது. பொத்தான் கொக்கியில் தொங்கியது. கனத்த கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தாள்.

அறுபது டெசிபலில் தொடங்கினாள். கருவியில் ஒலியளவைக் காட்டும் முள் அசைந்தது.

விளக்கு எரிந்தது.

ஒயரில் ஏதோ பழுது. எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தாள். காலி நாற்காலி, கொக்கியில் பொத்தான், தரைவிரிப்பின் பழைய நெடி. அந்த அறைக்குள் நின்றால் காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருக்கும், தன் ரத்தம் ஓடுவதே கேட்கும். கூடவே மெலிதாக ஸ்ப்ரேயின் இனிப்பு வாடை. நேற்றைய வாடை உடுப்பில் ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். நேற்றைய உடுப்பை அவள் இன்று போடவில்லை.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். பழக்கம் அவளைக் காப்பாற்றும். ஒலியைக் குறை, காத்திரு, குறித்துக்கொள்.

நாற்பது. விளக்கு எரிந்தது. குறித்தாள்.

இருபது. எரிந்தது.

பத்து. எரிந்தது.

பூஜ்ஜியம். நல்ல காதுக்கும் அங்கே சந்தேகம்தான். எரிந்தது.

அதற்குக் கீழே கருவியில் ஒரே ஒரு படி. இரண்டு வருடத்தில் அந்தப் படியில் யாருக்கும் அவள் குறி போட்டதில்லை. எரிந்தது.

கோப்பை நிறுத்தினாள்.

விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

அவள் விளக்கை மட்டுமே பார்த்தாள். நாலு விநாடிக்கு ஒருமுறை. எதற்கு? ஒன்றும் ஓடவில்லை. திரை காலி. முள் படுத்திருந்தது. பயத்தில் மூச்சைப் பிடித்தாள்.

விளக்கு எரியவில்லை.

மூச்சை விட்டாள்.

எரிந்தது.

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. தம்பி. விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, என் ஃபைலுக்கு என்னமோ ஆயிடுச்சு. இப்பதான் போட்டுக் கேட்டேன். எல்லாரும் காலி பண்ணிட்டுப் போன வீடு மாதிரி இருக்கு."

அவன் குரல் அறையை நிறைத்தது. விளக்கு இருண்டே இருந்தது.

"வேற காப்பி இல்லையாடா?" எரிந்தது.

"எங்கக்கா? நான் என்ன உன்ன மாதிரி அடுக்கிவைக்கிற ஆளா. உன்கிட்ட ஏதாவது இருக்கா?" இருண்டிருந்தது.

அவளிடம் இருந்தது. கோப்பு, கருவியில் செருகிய பென்டிரைவிலேயே இருந்தது. இந்தாடா, எடுத்துக்கோ, தப்பு பண்ணிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வருவதற்கு முன்பே, இழுத்த மூச்சுக்கே, விளக்கு எரிந்தது. வரைந்தவனின் பேச்சுக்கு அது காது கொடுக்கவில்லை. மைக்கை ஒட்டி நாற்பது நிமிடம் பக்கத்தில் நின்றவன் அவன். அவனுக்கு இல்லை. அவளுக்குத்தான்.

"இல்லடா," என்றாள். பச்சை, முன்னைவிடப் பிரகாசமாக.

"சரி விடு. நாளைக்கு உன் பாட்ட போடட்டும். நான் முதல் ஆளா கைதட்டுறேன்." இருட்டு.

அழைப்பு முடிந்தது. அதன் பிறகுதான் தலையை நிமிர்த்திக் கண்ணாடிக்குள் பார்த்தாள்.

நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதுகு. சாம்பல் தோள்கள். பின்னந்தலையை அணைத்தபடி ஹெட்போனின் வளையம். தோளின் விளிம்பில் ஸ்ப்ரே வழிந்து காய்ந்த ஒரு கோடு. தலை சற்றே சாய்ந்திருந்தது, நன்றாகக் கேட்பவர்கள் சாய்ப்பதுபோல.

அவள் ஓடவில்லை. அவ்வளவு கவனமாக அவளை யாரும் கேட்டதில்லை.

நாற்காலி கிறீச்சிட்டிருக்கும். சத்தம் வெளியே வரவில்லை, அது திரும்புவதைப் பார்த்தாள். மெல்ல. ஒயர் கழுத்தைச் சுற்றி இறுகியது. முழங்கால்கள் இந்தப் பக்கம் வந்தன. பிறகு கைகள், மடியில் பொத்தான். சாம்பல் மார்பு. உட்கார்ந்தபடியே உடல் முழுதும் கண்ணாடிக்கு நேரே திரும்பிவிட்டது.

மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்திலும் பின்னந்தலை.

அது எழுந்து நின்றது. இரண்டு முழங்கால்களும் அவளை நோக்கி. ஒரு அடி. இன்னொரு அடி. மயிர்ச்சுழி கண்ணாடியில் பதிந்தது. அந்த இடத்தில், மூச்சின் அளவுக்கு, வட்டமாகப் பனி படர்ந்தது. உள்ளே தாழ்ப்பாள் இல்லை. வெளியே இருந்தது. அவள் கைக்கு எட்டும் தூரத்தில்.

அவள் டைரியை எடுத்தாள். பேனா தாளில் உரசிய ஒவ்வொரு எழுத்துக்கும் விளக்கு எரிந்தது.

அக்டோபர் 16, வியாழன். இன்று தவறு ஒன்றும் இல்லை. நாளை ஏழு மணிக்கு வகுப்பு. கதவைத் திறந்து, உடன் அழைத்துப் போக வேண்டும்.